ஃப்ரீலான்ஸ் புராஜெக்ட் உண்மையில் எத்தனை நாள் பிடிக்கும்? கணக்குப் போடும் முறை, படிப்படியாக

"எப்ப முடியும்?" என்று கிளையன்ட் முதல் போனிலேயே கேட்பார். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அப்போதே ஒரு தேதியைச் சொல்லிவிட்டு, பிறகு அந்தத் தேதிக்குள் வேலையைத் திணிக்கப் பார்க்கிறார்கள். வரிசை இங்கேயே தலைகீழாகிவிடுகிறது. முதலில் வேலையின் எல்லை, அடுத்து வேலைப் பட்டியல், பிறகு மணிநேரம், அதன் பின் நாட்காட்டி. தேதி கடைசியில்தான் வரும். விலை அதற்கும் பிறகு.

கணக்கைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு முழுக்கக் கூடவே வரும்: ஒரு பல் மருத்துவமனைக்கு அப்பாயின்ட்மென்ட் இணையதளம். நோயாளி ஓடிபி மூலம் உள்ளே வந்து, டாக்டரின் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு சிறு தொகையை முன்பணமாகக் கட்டுவார். முந்தைய நாள் எஸ்எம்எஸ் போகும். ரிசப்ஷனில் இருப்பவருக்கு ஒரு நிர்வாகப் பக்கம். செய்பவர் ஒரே ஆள். எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய புராஜெக்ட்கள் இரண்டு மூன்றின் நேரக் குறிப்பு. குறித்து வைக்கும் பழக்கம் இல்லையென்றால் கிட் கமிட் (நிரலைச் சேமித்த பதிவு) தேதிகளையும் வாட்ஸ்அப் உரையாடலின் முதல், கடைசித் தேதிகளையும் எடுங்கள். மணிக்கணக்கு கிடைக்காது, எத்தனை வாரம் ஓடியது என்பதாவது தெரியும்.

கிளையன்ட்டின் உண்மையான தரவு. "எக்செல்ல ஒரு லிஸ்ட் இருக்கு" என்ற வாய்வார்த்தை போதாது, கோப்பே வேண்டும்.

ஒப்புதல் தரப்போகும் ஒரே ஆளின் பெயர். டாக்டர், அவர் மனைவி, மேனேஜர் என்று மூவரும் கருத்துச் சொல்வார்கள் என்றால் அது இப்போதே தெரிய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றும் மூன்று சுற்றாகிவிடும்.

டொமைன், ஹோஸ்டிங், பேமென்ட் கணக்கு யார் பெயரில் என்ற விவரம். பழைய தளத்தைச் செய்தவரிடம் டொமைன் பாஸ்வேர்ட் மாட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிற கதை.

1. எது செய்யப்படும், எது செய்யப்படாது

இரண்டு பட்டியல் எழுதுங்கள். செய்யாதவற்றின் பட்டியல்தான் அதிகம் காப்பாற்றும். நம் எடுத்துக்காட்டில் அது இப்படி இருக்கலாம்: தமிழ் இடைமுகம் இல்லை, ஆண்ட்ராய்டு ஆப் இல்லை, ரீஃபண்ட் ரிசப்ஷனிலிருந்து கையால் செய்யப்படும், சிகிச்சை பற்றிய கட்டுரைகளையும் புகைப்படங்களையும் மருத்துவமனையே தரும், நோயாளியின் எக்ஸ்ரே ஏற்றும் வசதி இல்லை.

கிளையன்ட் ஏமாற்றுவதற்காக இவற்றைப் பின்னால் கேட்பதில்லை. அவர் மனதில் "வெப்சைட்" என்றால் இதெல்லாம் சேர்ந்ததுதான்.

எண்ணிக்கைகளையும் இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள்: எத்தனை டாக்டர், எத்தனை கிளை, எத்தனை வகைப் பயனர். ஒரு கிளை இரண்டானால் ஒரு பக்கம் கூடுவதோடு நிற்காது. டேட்டாபேஸின் ஒவ்வொரு டேபிளிலும் கிளை என்ற ஒரு நெடுவரிசை வரும், ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஒரு ஃபில்டர் வரும், யார் எந்தக் கிளையைப் பார்க்கலாம் என்ற கேள்வியும் வரும்.

2. ஒரு நாளுக்குள் அடங்கும் வரை உடைப்பது

பட்டியலில் எந்த வரியும் 8 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வரிக்குள் என்ன இருக்கிறதென்று உங்களுக்கே இன்னும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பேமென்ட்" என்பதையே எடுத்துக்கொள்வோம். ரேசர்பே போன்ற சேவையின் மாதிரி நிரலை ஒட்டினால் இரண்டு மணிநேரத்தில் பணம் கட்டும் பெட்டி திறந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் "பேமென்ட், அரை நாள்" என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அந்த ஒரு சொல்லுக்குள் இருப்பவை:

– சர்வரில் ஆர்டர் உருவாக்குவது. தொகை பைசாவில் போகும். 200 ரூபாய்க்கு 20000 அனுப்ப வேண்டும்.
– பணம் கட்டித் திரும்பும்போது பேமென்ட் சேவை அனுப்பும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்ப்பது.
– வெப்ஹுக் (பணம் வந்ததும் பேமென்ட் சேவை நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்தி) பெறுவது. ஒரே செய்தி இரண்டு முறை வரலாம். அதற்காக இரண்டு அப்பாயின்ட்மென்ட் பதிவாகக் கூடாது.
– யுபிஐ ஆப்பில் பணம் போய்விட்டது, ஆனால் நோயாளி பிரவுசருக்குத் திரும்பவே இல்லை என்ற நிலை.
– பணம் கட்டும் நேரத்தில் வேறொருவர் அதே நேரத்தை எடுத்துவிட்ட நிலை. இதற்காக நேரத்தைப் பத்து நிமிடம் பிடித்து வைத்து, கட்டாவிட்டால் விடுவிக்க வேண்டும்.
– ரத்தானால் ரிசப்ஷன் பக்கத்தில் "பணம் திருப்பப்பட்டது" என்று குறிப்பது.
– பேமென்ட் சேவை தரும் சோதனைச் சாவிகளிலிருந்து (API key) உண்மைச் சாவிகளுக்கு மாறி, உண்மைப் பணத்தில் ஒரு முறை கட்டிப் பார்ப்பது.

இந்த ஏழையும் தனித்தனியாக எழுதிய பிறகு யாருக்கும் அரை நாள் என்று சொல்ல வாய் வராது. உடைப்பதன் பயனே இதுதான்: எண் தானாகவே பெரிதாகும்.

3. தெரியாததைத் தொட்டுப் பார்ப்பது

பட்டியலில் சில வரிகளைப் பார்த்தால் எண்ணே தோன்றாது. அங்கே ஊகிக்க வேண்டாம். அதிகபட்சம் 2 முதல் 4 மணிநேரம் என்று எல்லை வைத்துக்கொண்டு அதை மட்டும் செய்து பாருங்கள். எழுதும் நிரல் தூக்கிப் போடுவதற்குத்தான். உங்களுக்கு வேண்டியது ஓர் எண்.

பழைய நோயாளிப் பட்டியல் நல்ல உதாரணம். கோப்பைத் திறந்தால் போன் எண்கள் எண்ணாகவே சேமிக்கப்பட்டு 9.84E+09 என்று நிற்கும். சிலவற்றில் முன்னால் 0, சிலவற்றில் +91. பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். 12-க்குள் உள்ள நாட்களில் அது கண்ணுக்கே தெரியாது. ஒரே நோயாளி மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார். தமிழ்ப் பெயர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தால் யூனிகோடில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மாற்றிய பிறகும் கண்ணால் ஒரு முறை பார்க்க வேண்டும். அரை மணிநேரம் கோப்பைப் புரட்டினால் இந்த வேலை 2 மணியா 20 மணியா என்று தெரிந்துவிடும்.

தொட்டுப் பார்க்கவே இரண்டு நாள் ஆகும் என்றால் அதைத் தனி வேலையாகச் சொல்லிக் காசு வாங்குங்கள். இலவசமாக ஆராய்ச்சி செய்துகொடுத்து, அந்த அறிக்கையோடு கிளையன்ட் வேறொருவரிடம் போவதும் உண்டு.

4. ஒவ்வொரு வரிக்கும் மூன்று எண்

எல்லாம் கைகூடினால், வழக்கப்படி போனால், மோசமாகப் போனால் என மூன்று. மோசம் என்றால் லேப்டாப் திருடுபோவது போன்ற விபத்தை எண்ண வேண்டாம். இதே மாதிரி வேலையில் முன்பு நடந்திருக்கக்கூடிய இழுபறியை எண்ணுங்கள். துணை வேலைகளைக் கூட்டித் தொகுத்தால் நம் பட்டியல் (மணிநேரத்தில்):

– நோயாளி பக்கத் திரைகள்: 10, 14, 26
– ஓடிபி லாகின்: 4, 6, 16
– டாக்டர் நேரம், விடுப்பு, முன்பதிவு: 12, 18, 40
– பேமென்ட்: 6, 10, 24
– நினைவூட்டல் எஸ்எம்எஸ்: 3, 5, 15
– ரிசப்ஷன் பக்கம்: 10, 16, 30
– பழைய பட்டியலை ஏற்றுவது: 2, 5, 20
– சர்வர், டொமைன், பேக்கப்: 3, 5, 11

வழக்கமான எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுங்கள். பேமென்ட்டுக்கு (6 + 40 + 24) ÷ 6, அதாவது ஏறக்குறைய 12. இப்படி எட்டு வரிக்கும் செய்தால் மொத்தம் 91 மணிநேரம். நடு எண்களை மட்டும் கூட்டினால் 79தான் வரும். அந்த 12 மணிநேர வித்தியாசம் எங்கிருந்து வந்தது? வேலை சீக்கிரம் முடிய இருக்கும் இடம் குறுகலானது, இழுத்துக்கொண்டு போக இருக்கும் இடமோ அகலமானது. ஒற்றை எண் எழுதுபவர் இந்தச் சாய்வைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

மோசமான எண் நடு எண்ணைப் போல் மூன்று மடங்குக்கு மேல் போனால் அந்த வரியை 3ஆம் படிக்குத் திருப்பி அனுப்புங்கள். இங்கே பட்டியல் ஏற்றும் வேலை நான்கு மடங்கில் நிற்கிறது. கோப்பைத் திறந்து பார்க்காமல் எழுதிய எண் அது.

புள்ளியியல் தெரிந்தவர்கள் இத்தோடு நிற்காமல் விலகலையும் கணக்கிடுவார்கள்: ஒவ்வொரு வரியிலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்து ஆறால் வகுத்து, வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் இங்கே 8 மணிநேரம் வரும். 91-உடன் 8 கூட்டினால் போதும் போலத் தோன்றும். ஒற்றை ஆள் வேலைக்கு அதை நம்ப வேண்டாம். ஒரு வரி தவறினால் இன்னொன்று ஈடுகட்டும் என்ற அனுமானத்தில் நிற்கும் கணக்கு அது. தனி ஆளுக்குக் காய்ச்சல் வந்தாலோ, கிளையன்ட் மனம் மாறினாலோ எட்டு வரியும் சேர்ந்தே இழுக்கும்.

5. பழைய கணக்கோடு உரசிப் பார்ப்பது

முந்தைய புராஜெக்ட்டில் நீங்கள் 60 மணி என்று போட்டது 78 மணி ஆகியிருந்தால் உங்கள் விகிதம் 1.3. புது எண்ணை அதனால் பெருக்குங்கள்: 91 × 1.3, ஏறக்குறைய 120. இப்போது நிரல் வேலைக்குக் கீழ் எல்லை 91, மேல் எல்லை 120.

"இந்த முறை வேகமாகச் செய்துவிடுவேன்" என்று விகிதத்தைக் குறைக்காதீர்கள். நிரல் எழுதித் தரும் ஏஐ கருவி வந்துவிட்டதால் பாதி நேரம் போதும் என்ற வாதமும் இங்கேதான் வரும். திரை வடிவமைக்கும் வரிகளில் அது உண்மையாக இருக்கலாம். கிளையன்ட்டின் பதிலுக்குக் காத்திருப்பதையோ குப்பையான எக்செல்லையோ அது குறைக்காது. கருவியோடு செய்த ஒரு புராஜெக்ட்டின் கணக்கு கையில் வந்த பிறகு விகிதத்தை மாற்றுங்கள்.

6. நிரல் இல்லாத வேலைகள்

புதியவர்கள் முழுதாக விட்டுவிடும் பகுதி இது. நம் எடுத்துக்காட்டில்:

– போன், வாட்ஸ்அப், நேர்ச் சந்திப்பு: வாரம் ஒன்றரை மணிநேரத்துக்குக் குறையாது. மொத்தம் 10.
– நீங்களே சோதிப்பது, குறிப்பாக விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும்: 12.
– கிளையன்ட் பார்த்துச் சொல்லும் திருத்தங்கள், இரண்டு சுற்று: 14.
– ரிசப்ஷனில் இருப்பவருக்குக் கற்றுக்கொடுத்து, குறிப்பு எழுதி, ஒப்படைப்பது: 6.

கூட்டினால் 42. மொத்தம் இப்போது 133 முதல் 162 மணிநேரம்.

7. மணிநேரத்தை வாரமாக்குவது

162-ஐ 8-ஆல் வகுத்து 20 நாள் என்று எழுதுவதுதான் இந்தப் படியின் பெரிய தவறு. எட்டு மணிநேரம் நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒரு புராஜெக்ட்டுக்கு விழும் சுத்தமான நேரம் 4 மணிக்கு மேல் போவது அபூர்வம். புது ஆர்டர் தேடுவது, கோட்டேஷன் எழுதுவது, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பழைய கிளையன்ட்டின் "சின்ன டவுட்" எல்லாமே அதே நாளில்தான் நடக்கின்றன. கணினியில் ஒரு வாரம் டைமர் ஓட்டிப் பாருங்கள். உங்கள் எண் கிடைக்கும்.

வாரம் 20 மணிநேரம் என்று வைத்தால் 133 மணிக்கு 7 வாரம், 162 மணிக்கு 8 வாரம். இரண்டு புராஜெக்ட் ஒன்றாக ஓடினால் பாதிப் பாதி என்று பிரிக்க வேண்டாம்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனதை மாற்றவும் நேரம் போகிறது. 20-ஐ 9, 9 என்று பிரிப்பதே நியாயம்.

பிறகு நாட்காட்டியைத் திறந்து விடுமுறைகளை அடியுங்கள். பொங்கல் வாரமும் தீபாவளி வாரமும் கிட்டத்தட்ட முழுதாகப் போகும். உங்களுடைய விடுமுறை மட்டும் போதாது, கிளையன்ட் தொழிலின் பரபரப்புக் காலமும் வேண்டும். ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிக்கு முந்தைய மாதம் உங்கள் திரையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல மாட்டார்.

8. பிறர் கையில் இருக்கும் நாட்கள்

சில வேலைகளுக்கு உங்கள் நேரம் ஒரு மணிதான், ஆனால் நாட்காட்டியில் வாரக்கணக்கில் நிற்கும். இவற்றுக்குப் பட்டியலில் தனி நெடுவரிசை போட்டு, முதல் நாளே தொடங்க வேண்டியவை என்று குறியுங்கள்.

எஸ்எம்எஸ்: இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, மொபைல் நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு தேவை. முதலில் நிறுவனம், பிறகு அனுப்புநர் பெயர், பிறகு ஒவ்வொரு செய்தியின் வார்ப்புரு (டெம்ப்ளேட்) என்று வரிசையாக ஒப்புதல் வாங்க வேண்டும். செய்தி வார்ப்புருவோடு பொருந்தாவிட்டால் போய்ச்சேராது. உள்ளே லிங்க் வைத்தால் அதையும் முன்கூட்டியே பதிய வேண்டும். பதிவு மருத்துவமனையின் பெயரில், அதன் ஆவணங்களோடு நடக்க வேண்டும் என்பதால் நீங்கள் மட்டும் உட்கார்ந்து முடிக்க முடியாது. ஓடிபியும் இதையே நம்பியிருக்கிறது; இதை ஆறாவது வாரத்தில் தொடங்கினால் தளம் தயாராகி, லாகின் மட்டும் தொங்கும்.

பேமென்ட்: கணக்குக்கு ஒப்புதல் கிடைக்க கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணங்களோடு, தளத்தில் விதிமுறைகள், பணம் திருப்பும் கொள்கை, தொடர்பு விவரம் ஆகிய பக்கங்களும் இருக்க வேண்டும். ஆகவே இந்த வெறும் உரைப் பக்கங்களை முதல் வாரமே ஏற்றிவிடுங்கள்.

ஆப் கேட்டிருந்தால்: 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கூகுள் பிளே கணக்கில், வெளியிட விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்திருக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்தைக் குறைக்க வழியில்லை.

கிளையன்ட்டின் ஒப்புதல்: ஒரு சுற்றுக்கு 4 வேலைநாள் என்று வையுங்கள். இரண்டு சுற்றுக்கு 8 நாள். அதில் பாதியை வேறு வரிகளைச் செய்து ஈடுகட்டலாம். மீதி, ஏறக்குறைய ஒரு வாரம், கூடியே தீரும்.

ஆக 8 முதல் 9 வாரம். இடையில் ஒரு பண்டிகை வாரம் விழுந்தால் 10. நடு எண்களை மட்டும் கூட்டி 79 என்று எழுதி, நாளைக்கு 8 மணி என்று வகுத்தவர் இதே வேலைக்கு "பத்து நாள்" என்று சொல்லியிருப்பார்.

9. கிளையன்ட்டிடம் சொல்லும் விதம்

ஒற்றைத் தேதி வேண்டாம். இரண்டு எல்லையும், எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பதும் வேண்டும். எழுத்தில் இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் டாக்டர். நாம பேசின பட்டியல் இணைச்சிருக்கேன். இது முடிய 8 முதல் 10 வாரம் ஆகும். அட்வான்ஸ், டாக்டர்களோட நேரப் பட்டியல், பழைய எக்செல் மூணும் கைக்கு வந்த நாள்லேர்ந்து எண்ணிக்கை ஆரம்பிக்கும். ரெண்டு தடவை உங்ககிட்ட காட்டுவேன். ஒவ்வொரு தடவையும் 4 வேலைநாளுக்குள்ள பதில் வேணும். அது தள்ளினா முடியிற தேதியும் அவ்வளவு நாள் தள்ளும்."

கடைசி இரண்டு வாக்கியங்கள் கறாராகத் தோன்றலாம். எடுத்துவிடாதீர்கள், பின்னால் வரும் சண்டை பெரும்பாலும் இவை இல்லாததால்தான்.

"எங்க மச்சான் பையன் ரெண்டு வாரத்துல முடிச்சுத் தரேங்கறான்" என்று பதில் வரும். மணிநேரத்தைக் குறைத்துப் பேரம் பேச வேண்டாம். பட்டியலிலிருந்து வரியை எடுங்கள். ஆன்லைன் முன்பணம், எஸ்எம்எஸ் நினைவூட்டல், பழைய பட்டியல் மூன்றையும் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளினால் 25 முதல் 33 மணிநேரம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை வாரம் மிச்சம். கேஒய்சி காத்திருப்பும் போய்விடும். எதை விடலாம் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

10. கால்வாசியில் மீண்டும் அளப்பது

"எழுபது சதவீதம் முடிந்தது" என்ற பேச்சே வேண்டாம். கடைசி முப்பது சதவீதம் பாதி நேரத்தை விழுங்கும். சோதனை சர்வரில் கிளையன்ட் தொட்டுப் பார்க்கும் நிலையில் இருந்தால் அந்த வரி முடிந்தது, இல்லாவிட்டால் இல்லை.

நோயாளித் திரைகளும் ஓடிபியும் முடிந்துவிட்டன என்று வைப்போம். போட்ட கணக்கு 23 மணிநேரம், ஆனது 31 என்றால் விகிதம் 1.35. மீதமுள்ள 68 மணிநேரத்தை அதனால் பெருக்கினால் 92, மொத்தம் 123. மேல் எல்லையாக வைத்த 120-ஐ இப்போதே தாண்டிவிட்டது. கிளையன்ட்டுக்குப் போன் செய்ய வேண்டிய நாள் இன்றுதான். மூன்றாவது வாரத்தில் "ஒரு வாரம் தள்ளலாம்" என்றால் கேட்டுக்கொள்வார். ஒன்பதாவது வாரத்தில் சொன்னால் கேட்க மாட்டார். "அடுத்த வரிகளில் பிடித்துவிடலாம்" என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் பிடிப்பதில்லை, ஏனென்றால் முதல் இரண்டு வரிகளை இழுத்த அதே காரணம் மீதி வரிகளிலும் உட்கார்ந்திருக்கிறது.

இடையில் வரும் "சின்ன மாற்றம்" எதுவாக இருந்தாலும் மறுசோதனையோடு சேர்த்துக் குறைந்தது 1 மணிநேரம் என்று பட்டியலின் அடியில் எழுதி, அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். காசு கேட்காமல் விடுவது உங்கள் விருப்பம். எழுதாமல் விடக் கூடாது. இப்படிப் பத்துச் சேர்ந்தால் அரை வாரம் போயிருக்கும், எங்கே போனதென்று இருவருக்கும் தெரியாது.

ஒப்படைத்த அன்றே ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போட்டு நிரப்பிவிடுங்கள்: வரியின் பெயர், போட்ட மணி, ஆன மணி, வித்தியாசத்துக்குக் காரணம். காரணத்தில் "தாமதம்" என்று எழுதினால் அடுத்த முறை உதவாது. "எக்செல்லில் பாமினி பெயர்கள், கையால் திருத்தம், 9 மணி" என்ற அளவுக்கு எழுத வேண்டும். ஒரு மாத இலவசப் பராமரிப்பு ஒப்புக்கொண்டிருந்தால் அந்த மணிகளையும் இதே தாளில் சேர்த்துவிட்டு விகிதத்தைப் போடுங்கள்.